களிக்கு மேல் டீ

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரிசியை விட்டுக் கேழ்வரகுக் களிக்கு மாறினால் உடம்பும் இளைக்கும், ரத்தமும் ஊறும் என்ற பொருளில் உங்கள் சிறுதானியப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. களியின் அருமையைத் தருமபுரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023-இல் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டத்துக்கு நீலகிரியோடு இந்த மாவட்டத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்தக் கட்டுரை தந்த இரண்டு வாக்குறுதிகளையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் எடை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 320 கலோரி, தீட்டிய அரிசியில் 356. வித்தியாசம் அவ்வளவுதான். உருண்டைக்கு 100 கிராம் மாவு போகிறது என்று வைத்தால் இரண்டு உருண்டைக்கு 640 கலோரி. மூன்றாவதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவருக்குத் தொப்பை குறைய வழியில்லை. 100 கிராம் மாவில் உள்ள 11 கிராம் நார்ச்சத்து வயிற்றைச் சீக்கிரம் நிரப்பும் என்பது உண்மை. அதனால் அளவு தானாகக் குறைந்தால்தான் எடை குறையும். அதே மாவை நைசாக அரைத்துக் கஞ்சியாக்கி, தம்ளருக்கு நாலு ஸ்பூன் வெல்லமும் போட்டுக் குடித்தால் அந்த லாபம் போய்விடும். சர்க்கரை நோயாளிகள் 'ராகிதானே' என்று இரண்டு தம்ளர் கஞ்சி குடித்துவிட்டு ரத்தச் சர்க்கரை ஏறியதைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான்.

இரண்டாவது இரும்புச்சத்து. கேழ்வரகில் 100 கிராமுக்கு 4.6 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. இரண்டு உருண்டையில் ஒன்பது மில்லிகிராம் வந்துவிடுகிறதே என்று தோன்றும். ஆனால் தானியத்தில் உள்ள இரும்பில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூடக் குடல் ஏற்பதில்லை. கேழ்வரகின் தோலில் இருக்கும் பைட்டிக் அமிலமும் டானினும் அதைக் கட்டிப் பிடித்துக்கொள்கின்றன. போதாததற்குச் சாப்பிட்ட கையோடு டீ. டீயில் உள்ள டானினும் சேர்ந்தால் ஏறவேண்டிய கொஞ்சத்திலும் பாதிக்கு மேல் வீணாகிறது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. களிக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுவதற்குக் காசு செலவில்லை. கொள்ளுக் கடைசலையோ கீரையையோ அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளலாம். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் அழிந்துவிடும். ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கடித்துக்கொண்டாலும் அதே பலன். கூழில் மோர் ஊற்றிக் குடிப்பது கோடைக்கு நல்லது, சுண்ணாம்புச் சத்தும் கூடும். இரும்பு ஏற அது உதவாது.

பைட்டிக் அமிலத்தைக் குறைக்க நல்ல வழி முளைகட்டுவது. கட்டுரை இதை ஒரே வரியில் கடந்துவிட்டது. கேழ்வரகைக் கல் அரித்துக் கழுவி 10 முதல் 12 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். நீரை வடித்து, ஈரப் பருத்தித் துணியில் கட்டி, அவ்வப்போது தண்ணீர் தெளித்து 24 முதல் 36 மணி நேரம் வைத்தால் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிருக்கு இன்னும் அரை நாள் பிடிக்கலாம். முளை நீள விட்டால் புளித்த வாடை அடிக்கும். பச்சையாகவோ கருப்பாகவோ பூஞ்சை தெரிந்தால் அத்தனையையும் கொட்டிவிட வேண்டும், கழுவித் தேற்றப் பார்க்கக் கூடாது. நன்றாகக் காயவைத்து, வேரைத் தேய்த்துப் புடைத்து, வாணலியில் லேசாகச் சூடு காட்டி அரைக்கலாம். கருக வறுத்தால் முளையில் உண்டான, மாவுச்சத்தை உடைக்கும் நொதி செத்துவிடும்.

அந்த நொதிதான் ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு முக்கியம். 'பிள்ளை கஞ்சி குடிக்குது, எடை ஏறலை' என்று தாய்மார்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம், தம்ளர் கஞ்சியில் பத்து கிராம் மாவுதான் இருக்கும் என்பது. முப்பது கலோரியில் அந்தச் சின்ன வயிறு நிரம்பிவிடுகிறது. 25 கிராம் சாதா மாவில் கெட்டியாகக் கிண்டி, இறக்கி, விரல் பொறுக்கும் சூடு வந்ததும் ஒரு டீஸ்பூன் முளைமாவைக் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். ஸ்பூன் நிற்கும் பதத்தில் இருந்த கஞ்சி இளகி ஓடும். பிறகு ஒரு கொதி விட்டு ஆற்றி, ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேர்த்து ஊட்டலாம். குடிக்கும் அளவு மாறாமலே நாலு மடங்கு கலோரி போகும். கொதிக்கும் கஞ்சியில் முளைமாவைப் போட்டால் இளகாது. பலரும் தவறுவது அந்த இடத்தில்தான்.

கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைத் தண்ணீரில்தான் போட வேண்டும், பாலிலோ டீயிலோ கூடாது. மலம் கருப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்த வேண்டியதில்லை. குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருந்தால் எந்த மாத்திரையும் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீர்தான். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளி, அங்கன்வாடியில் தரும் குடற்புழு மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்கினார்களா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பல்லையும் எலும்பையும் பாதிக்கும் புளோரைடு. பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்சவரம்பைத் தாண்டுகிறது. குடிக்கக் குழாயில் வரும் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர், சமைக்க போர் தண்ணீர் என்று பிரித்து வைக்கிற வீடுகள் உண்டு. களி உறிஞ்சும் தண்ணீரும் நம் வயிற்றுக்குத்தானே போகிறது? கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். களியும் சோறும் ஒகேனக்கல் தண்ணீரிலேயே வேகட்டும். புளோரைடு குடலில் ஏறுவதைச் சுண்ணாம்புச் சத்து குறைக்கும் என்பதால் அந்தச் சத்து நிறைந்த கேழ்வரகு இங்கே கூடுதலாகவே உதவும்.

ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது. சாப்பாட்டை மாற்றாமலே ஆறு மாதத்துக்குள் 60 கிலோ 57 ஆனால் அதைக் களியின் பலன் என்று கொண்டாட வேண்டாம். சர்க்கரை நோய், தைராய்டு, காசநோய் மூன்றையும் சோதித்துவிட வேண்டும்.

அடுத்த முறை சிறுதானிய உணவுப் பட்டியல் வெளியிடும்போது 'ஒரு உருண்டை', 'ஒரு தம்ளர்' என்று விடாமல் மாவின் எடையைக் கிராமில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.