காயலான் கடைக் குண்டு

தண்டையார்பேட்டை

அன்புள்ள பாஸ்கர்,

கடிதமும் போட்டோவும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் சௌக்கியம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொருக்குப்பேட்டை பக்கம் போகிறவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது, அடுத்த தடவை வரும்போது சென்ட்ரலில் ஏறி நேராகத் தண்டையார்பேட்டையில் இறங்கிவிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காயலான் கடையில் பார்த்த பழைய கையெறி குண்டைச் சேகரிப்புக்கு வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அதை வாங்காதே. கையிலும் எடுக்காதே. "உள்ளே ஒண்ணுமில்ல சார், காலி" என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் இரும்பைக் கிலோ கணக்கில் வாங்கி விற்கிறவர், உள்ளே இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது மில்ஸ் 36 வகை. அடி மூடி திருகியபடியே இருக்கிறது. தோள்பட்டையில் வெடிமருந்து நிரப்பும் துளையை அடைக்கிற சின்னத் திருகும் அசையாமல் இருக்கிறது. லீவர் இல்லை, பின் இல்லை. இதைப் பார்த்துத்தான் நீ டம்மி என்று முடிவு செய்திருக்கிறாய். எனக்கு அதுதான் கவலை. லீவர் போய், மூடி மட்டும் மூடியிருந்தால் ஒன்று யாரோ லீவரைக் கழற்றி எடுத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் எறிந்தும் வெடிக்காமல் போன குண்டு அது. எது என்று வெளியிலிருந்து சொல்ல வழியே இல்லை.

எடை போட்டுப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டிருந்தாய். முழுக் குண்டு சுமார் 765 கிராம், அதில் மருந்து 70 கிராம் சொச்சம்தான். மீதி பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அது வார்ப்புக்கு வார்ப்பு கூடக் குறைய வரும், துரு தின்றிருக்கும், உள்ளே மண் அடைந்திருக்கும். எழுபது கிராம் வித்தியாசத்தை வைத்துத் தராசு தீர்ப்புச் சொல்லாது. குலுக்கிப் பார்த்தாலும் பயனில்லை. மருந்து உள்ளே இறுகி உட்கார்ந்திருக்கும், சத்தமே போடாது. தண்ணீரில் ஊறப்போட்டால் செத்துவிடும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு, அதையும் மறந்துவிடு, பழசானால் செத்துவிடும் என்பதையும். 2008இல் அமெரிக்காவின் வர்ஜினியாவில் உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அனுபவசாலிச் சேகரிப்பாளர் அது வெடித்து இறந்தார். கரிமருந்து அத்தனை வருடம் கழித்தும் தன் வேலையைச் செய்தது. பிக்ரிக் அமிலம் என்ற வெடிமருந்தை அடைத்த முதல் உலகப் போர் ஷெல்கள், அதாவது பீரங்கிக் குண்டுகள், இன்னும் மோசம். அந்த அமிலம் உலோகத்தோடு சேர்ந்து உண்டாக்கும் உப்புகள் அசைவுக்கும் உரசலுக்கும் கோபப்படும்.

காலி என்பதற்கு நான் ஏற்கும் அத்தாட்சி இரண்டுதான். கண்ணால் பார்க்கக்கூடிய வெறுமை ஒன்று, அதைச் சொல்லும் காகிதம் இன்னொன்று. உடம்பில் ஆரம்பத்திலேயே துளை போட்டிருக்க வேண்டும், டார்ச் அடித்தால் மறுபக்கம் வெளிச்சம் வர வேண்டும், மூடி ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும். திறப்பதும் துளை போடுவதும் நம் வேலையில்லை, ஒருபோதும். அமெரிக்கப் பயிற்சிக் குண்டு எம்69 அந்த விதத்தில் நேர்மையானது, அடியில் துளையோடுதான் வார்க்கிறார்கள், நீலப் பெயின்ட் அடிக்கிறார்கள். ஆனால் நீலம் மட்டும் போதாது. ஆசியன் பெயின்ட்ஸ் டப்பா யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இங்கிலாந்தில் விற்கிறவர் "வெடிமருந்து நீக்கப்பட்டது" என்று சான்றிதழ் தருவது வழக்கம். நம் ஊரில் அப்படி ஒரு பழக்கம் கிடையாது.

இங்கிலாந்தில் மில்ஸ் குண்டைச் சேகரிப்பது தபால்தலை சேர்ப்பது மாதிரி சாதுவான பொழுதுபோக்கு. 1915இல் வந்து, கோடிக்கணக்கில் வார்த்து, அவர்கள் எப்போதோ கைவிட்ட பொருள். இங்கே கதை வேறு. நம் ராணுவம் இந்த மில்ஸ் 36 வகையை (36எம்) அண்மைக்காலம் வரை வைத்திருந்தது. அதற்கு மாற்றாக ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய மல்டி-மோட் கையெறி குண்டின் முதல் தொகுதி 2021 ஆகஸ்ட் 24இல்தான் ராணுவத்துக்குப் போனது. ஆகவே சென்னையில் ஒருவன் பீரோவில் 36எம் இருந்தால் போலீஸ் அதைப் பழம்பொருளாகப் பார்க்காது, "எந்த டெப்போவிலிருந்து வந்தது?" என்றுதான் முதல் கேள்வி வரும். 1959 ஆயுதச் சட்டம் தோட்டா வகையறாக்களுக்குக் கொடுக்கும் விளக்கத்திலேயே கையெறி குண்டு, ஷெல், ராக்கெட், ஃபியூஸ் (குண்டை வெடிக்கச் செய்யும் பொறி) எல்லாம் அடங்குகின்றன. பழைய, பழுதுபட்ட ஆயுதங்களுக்கு 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. அதன் வாசகமோ துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத ஆயுதம் என்று போகிறது. குண்டு அதில் பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாடலாம், நீ அதற்குச் சோதனை எலியாக வேண்டாம். 1908 வெடிபொருள் சட்டமும் இருக்கிறது, சந்தேகத்துக்கிடமான முறையில் வைத்திருந்தாலே குற்றம்.

காயலான் கடைக்கு உயிருள்ள குண்டு எப்படி வரும் என்று ஆச்சரியப்பட்டிருந்தாய். இரும்புக் கழிவு உலகம் சுற்றி வருவது. 2004 செப்டம்பரில் காசியாபாத் அருகே ஓர் எஃகு ஆலையில் இறக்குமதிக் கழிவோடு வந்த ஷெல்கள் வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் துண்டாக்காத கழிவுக்கு ஏற்றுமதித் துறைமுகத்திலேயே பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும் என்று கெடுபிடி வந்தது. நம் துறைமுகம் வழியாக கும்மிடிப்பூண்டி உலைகளுக்குப் போகும் லாரிகளை நினைத்துக்கொள். அந்தக் கடைக்காரரிடம் பக்குவமாகச் சொல்லி, எல்லோரையும் விலகி நிற்கச் செய்து, நீயும் தள்ளிப் போய் நின்று 112க்கு அடி. மீதியை வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு பார்த்துக்கொள்ளும். காசிமேட்டில் வலையில் எதுவும் சிக்கினாலும் இதே வழிதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு உன் ஆசையை நான் கெடுக்கப் போவதில்லை. பித்தளை கேஸில் ஆரம்பி. பீரங்கிக் குண்டைத் தள்ளும் மருந்தை அடைத்த பித்தளைக் கூடு, சுட்டு முடித்த வெறும் கேஸ். பெரம்பூர், ராயபுரம் பக்கத்துப் பழைய ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும், பட்டாளத்துக்காரர்கள் வீடுகளிலும் பூ ஜாடியாக, குடை ஸ்டாண்டாக நிற்பவைதான். இரண்டே விஷயம் பார்: வாய் திறந்து, உள்ளே அடித்தட்டு வரை தெரிய வேண்டும், அடியில் நடுவில் இருக்கும் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன பாகம்) ஊசி குத்திய பள்ளம் இருக்க வேண்டும், அல்லது பிரைமரே இல்லாமல் வெறும் துளையாக இருக்க வேண்டும். பள்ளமில்லாத பிரைமர் உள்ள கேஸ் பார்க்க எத்தனை அழகாக இருந்தாலும் தொடாதே. முத்திரையில் அண்மைய வருடம் இருந்தாலும் வேண்டாம். ராணுவம் சுட்ட கேஸை எண்ணித் திரும்ப வாங்குகிறது, வெளியே வந்திருந்தால் திருட்டுச் சொத்தாக இருக்கலாம். அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. நடத்தும் மின்னேலத்தில் எடுத்த சரக்கு என்று சொன்னால் டெலிவரி ஆர்டர் நகலைக் கேள். காட்டத் தயங்கினால் நடையைக் கட்டு.

கேஸின் அடிப்பாகம்தான் அதன் ஜாதகம். 25 பவுண்டர் என்ற பிரிட்டிஷ் பீரங்கியின் கேஸை எடுத்துக்கொள். பீரங்கியின் வாய் 87.6 மி.மீ., கேஸின் நீளம் 292 மி.மீ. வாக்கில். நம் ராணுவம் 1965, 71 போர்களில் எல்லாம் இதை வைத்திருந்தது, அதனால் இங்கே கிடைப்பதில் ஆச்சரியமில்லை. அடித்தட்டு விளிம்பில் பிரிட்டிஷ் அரசு முத்திரையான அகன்ற அம்பு, மார்க் எண், தயாரிப்பாளர் எழுத்து, வருடம் எல்லாம் இருக்கும். கே.எஃப். என்றிருந்தால் புனே அருகே கிர்க்கி தொழிற்சாலை. ஒரே கேஸை மறுபடி மறுபடி நிரப்பிச் சுடுவார்கள், ஒவ்வொரு தடவைக்கும் ஒரு முத்திரை ஏறும். நெருக்கமாக முத்திரை விழுந்த கேஸ் நன்றாக உழைத்தது. 40 மி.மீ. போஃபர்ஸ் விமான எதிர்ப்புக் கேஸ் 311 மி.மீ. நீளம், பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

ஷெல் உடம்பு என்று யாராவது காட்டினால் முதலில் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே இருக்கும் செம்பு வளையத்தைப் பார். அதில் சாய்வாகக் கோடுகள் வெட்டியிருந்தால் அது பீரங்கிக் குழாய்க்குள் போய் வெளியே வந்தது. வளையம் வெட்டுப்பட்டு, ஷெல் மட்டும் முழுசாக இருந்தால் சுட்டும் வெடிக்காதது. ஃபியூஸ் தயார் நிலையில் நிற்கலாம். இருப்பவற்றிலேயே இதுதான் மிகப் பொல்லாதது.

எம்டன் துண்டு பற்றியும் கேட்டிருந்தாய். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில் பர்மா ஆயில் டாங்குகளைக் கொளுத்தி, சுமார் 130 ஷெல்களைப் போட்டுவிட்டுப் போனது. ஹைகோர்ட் வளாகச் சுவரில் கல்வெட்டு இருக்கிறதே. அன்றிலிருந்து மண்ணடிப் பக்கம் பழைய இரும்புத் துண்டுக்கெல்லாம் எம்டன் என்று பெயர் வைத்து விற்கப் பார்ப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார். எம்டன் பீரங்கி 10.5 செ.மீ., ஆரம் 52.5 மி.மீ. துண்டின் நேர்ப்பகுதியில், வெளிப்பக்க வளைவில் 60 மி.மீ. நாண் (வளைவின் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோடு) எடு, அதன் நடுவில் வளைவின் உயரத்தை வெர்னியரால் அள. நாணின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம். எம்டனாக இருந்தால் உயரம் 9.4 மி.மீ. வாக்கில் வரும். 25 பவுண்டராக இருந்தால் 11.9 வரும். வெடித்த துண்டு கொஞ்சம் நெளிந்திருக்கும், ஆகவே மூன்று இடத்தில் அளந்து சராசரி எடு. அளவு சரியாக வந்தாலும் துள்ளிக் குதிக்காதே. நம் இந்திய ஃபீல்ட் கன்னும் 105 மி.மீ.தான். ஒரு துண்டு எம்டன் இல்லை என்று கணக்கு நிரூபிக்கலாம், எம்டன்தான் என்று நிரூபிக்காது. அசலான துண்டு என்றால் நூறு வருடம் தாண்டியது, 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். சிங்கப்பூர் மருமகனுக்குப் பரிசாக அனுப்பிவிட முடியாது.

பராமரிப்புக்குத்தான் நம் பேட்டையில் பாடு அதிகம். உப்புக் காற்று. உன் அம்மா குத்துவிளக்குக்குப் போடும் புளியும் உப்பும் கேஸுக்குப் போடாதே. புளி பழுப்பு மேற்பூச்சைத் தின்றுவிடும், எழுத்து மழுங்கும், உப்பின் குளோரைடு துளைகளில் தங்கி அடுத்த மழைக்கு வெளிர்பச்சைப் பொடியாகப் பூக்கும். துடைத்தால் போகும், திரும்ப வரும். வந்துவிட்டால் மரக்குச்சியால் பொடியைச் சுரண்டி, காய்ச்சி வடித்த நீரில் (டிஸ்டில்ட் வாட்டர்) ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்று. எப்போது நிறுத்துவது என்று தெரிய, கேஸ் ஊறிய தண்ணீரில் பத்து மில்லி எடுத்து, அதில் ஒரு சொட்டு நைட்ரிக் அமிலமும் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட்டும் விடு. பால் போலக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. பிறகு ஹேர் டிரையரால் நன்றாக உலர்த்தி, மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகை மெல்லிசாகப் பூசு. கார் மெழுகு வேண்டாம், பலவற்றில் தேய்க்கும் பொடி கலந்திருக்கும்.

அமோனியா கலந்த மெருகுத் திரவத்தை வீட்டுக்குள்ளேயே விடாதே. இதற்குக் காரணம் நம் நாட்டிலேயே கிடைத்தது. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் கழுத்தில் நீளவாக்கில் பிளந்தன. குதிரை மூத்திரத்து அமோனியாவும், பித்தளையை இழுத்து வடித்தபோது உள்ளே தங்கிய இறுக்கமும் சேர்ந்துதான் பிளக்கின்றன என்று 1921இல் தெளிவானது. கழுத்தைச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவது அதற்கு மருந்து. எண்ணூரில் 2023 டிசம்பரில் அமோனியாக் கசிவு வந்ததே, அந்தப் பக்கம் கேஸ் வைத்திருக்கிறவர்கள் வாய் விளிம்பை லென்ஸ் வைத்துப் பார்ப்பது நல்லது. மயிரிழை விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

வைப்பதற்கு மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா போதும். இருபது லிட்டர் டப்பாவுக்கு 400 கிராம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் 35 சதவீதத்துக்குக் கீழே. ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் நிறத்துக்கு மாறினால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கித் திரும்பப் போடு. ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் கந்தகம் விடும், பித்தளை கறுக்கும். செய்தித்தாளிலும் சுற்றாதே.

குண்டு வடிவம் வேண்டும் என்று இன்னும் மனசு அடித்துக்கொண்டால் ரெசின் வார்ப்பு வாங்கு. பாதியாக வெட்டி உள் அமைப்பைக் காட்டும் மாதிரி என்றால் இன்னும் நல்லது, தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கும் டம்மி என்று புரியும். ஆனால் அதைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறாதே, கூரியரிலும் அனுப்பாதே. ஸ்கேனரில் நிழல் ஒன்றுதான், சென்ட்ரலில் உன்னால் பிளாட்பாரம் காலியாகும்.

உன் மாமனார் வீட்டு ஜாடி 25 பவுண்டராக இருக்கலாம் என்று தோன்றுகிறது. அடித்தட்டைப் படமெடுத்து அனுப்பு. ஃபிளாஷ் போடாமல், டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் மழுங்கிய எழுத்தும் நிழலில் எழும்பும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வை. பிரைமர் தெளிவாகத் தெரிய வேண்டும், அதைப் பார்க்கும் வரை ஜாடியை யாரும் தேய்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவை.

அன்புடன்,
சேகர்