எறிந்த பந்துகளை யார் எண்ணுகிறார்கள்?

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நானும் அப்பாவும் நலம். நீயும் மருமகளும் பேரனும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். தொலைபேசியில் எதைக் கேட்டாலும் "எல்லாம் சரி அம்மா" என்று நீ முடித்துவிடுவதால், கனடாவுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டு மாமியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். விஷயம் சின்னவனின் பேஸ்போல் பற்றியது. வேறொன்றுமில்லை.

அண்மையில் அவன் என்னோடு வீடியோவில் கதைத்தபோது, புதன்கிழமைப் பயிற்சிக்குப் போகவில்லை என்றான். ஏன் என்று கேட்டேன். கையுறை மற்ற வீட்டில் இருந்துவிட்டது என்றான். எந்த மற்ற வீடு என்று நான் கேட்கவில்லை. அவனும் உடனே கதையை மாற்றி, மருமகள் எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பினான். அதைப் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். பந்தைப் பிடித்திருக்கும் விரல்கள் எதிரே நிற்பவனுக்குத் தெரியாதபடி கையுறைக்குள் மறைத்து, இடது முழங்காலை மெல்ல உயர்த்தி, உடம்பு முன்னே போன பின்பே கையைக் கொண்டுவருகிறான். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொறுமை இலகுவில் வராது. அந்தத் தோள் உன்னுடையதுதான். வேகப்பந்து வீச நீ ஓடிவரும்போது வேலிக்கு வெளியே நின்று பார்த்த எனக்கு அது தெரியாதா?

ஆனால் அதே வீடியோவின் கடைசி எறிகளில் அவனுடைய முழங்கை தோளுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. களைத்த கை அப்படித்தான் இறங்கும். அதற்கு முதல்நாளும் எறிந்தானா என்று கேட்டபோது, "அது மற்ற ரீம் அப்பம்மா" என்றான். அப்பாவின் வார இறுதியில் ஓர் அணி, அம்மாவின் வார இறுதியில் இன்னோர் அணி என்று அவன் சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனோ தெரியாது. விளங்கியது சரியென்றால், சனியில் எத்தனை பந்து எறிந்தான் என்பது ஞாயிற்றுக்கிழமைப் பயிற்றுவிப்பாளருக்குத் தெரியாது. நீ எண்ணுகிறாயா? மருமகள் எண்ணுகிறாளா? இருவரும் எண்ணினால் இரண்டையும் கூட்டுவது யார்?

கணக்கு ரீச்சரின் தொல்லை என்று சிரிக்காதே. அமெரிக்காவின் தொழில்முறைப் பேஸ்போல் லீக்கான மேஜர் லீக்கும் அந்நாட்டுப் பேஸ்போல் அமைப்பும் சேர்ந்து 2014 இல் வெளியிட்ட வழிகாட்டியை நான் வாசித்தேன். 11, 12 வயதுப் பிள்ளை போட்டியில் ஒரு நாளைக்கு 85 பந்துகளுக்கு மேல் எறியக்கூடாது. 21 முதல் 35 வரை எறிந்தால் ஒரு நாளும், 36 முதல் 50 வரை எறிந்தால் இரண்டு நாள்களும், 51 முதல் 65 வரை எறிந்தால் மூன்று நாள்களும், அதற்கு மேல் போனால் நான்கு நாள்களும் ஓய்வு வேண்டும். ஒரே காலத்தில் இரண்டு அணிகளுக்கு எறிவதையும் அது தவிர்க்கச் சொல்கிறது. சனி 50, ஞாயிறு 40 என்றால், தனித்தனியே பார்க்கும் இரண்டு பயிற்றுவிப்பாளர்களுக்கும் பிழை தெரியாது. பிள்ளையின் முழங்கைக்கு மட்டும் தெரியும். இந்த வயதில் அங்கே எலும்பு வளரும் பகுதி இன்னும் கசியிழையமாகவே, அதாவது குருத்தெலும்பாகவே, இருப்பதால், பெரியவர்களில் எலும்புகளைப் பிணைக்கும் நார் தாங்கும் இழுவையைச் சிறுவர்களில் அந்த மென்மையான இடம் தாங்கவேண்டியிருக்கிறது. வருடத்தில் நான்கு மாதமாவது எறியாமல் இருக்கவேண்டும் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. ஒழுங்கான பயிற்சி என்பதில் ஒழுங்கான ஓய்வும் அடங்கும் என்பதை உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

அவனிடம் இதைச் சொன்னபோது யமமொட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 2025 இல், ஆறாவது ஆட்டத்தில் 96 பந்துகள் எறிந்த அந்த ஜப்பானியர், அடுத்த நாளே ஏழாவது ஆட்டத்திலும் வந்து 34 பந்துகள் எறிந்து உங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸைத் தோற்கடித்தாரே என்று கேட்கிறான். தன் ஊர் அணியைத் தோற்கடித்தவர்மீது இவ்வளவு பக்தி! யமமொட்டோ எலும்பு முற்றிய ஆண்பிள்ளை என்றும், அந்த ஓர் இரவுக்குப் பின்னால் வருடக்கணக்காக மாறாமல் செய்துவந்த பயிற்சி இருக்கிறது என்றும் சொன்னேன். என் சொல் ஏறவில்லை. நீ சொன்னால் ஏறும். இப்போதும் அவன் வாயில் பத்துக்கு ஒன்பது தடவை வருவது "அப்பா சொன்னவர்" என்பதுதான்.

இன்னொன்று. ஒரு பயிற்றுவிப்பாளர் முழங்காலை மெதுவாக உயர்த்தச் சொல்கிறாராம். மற்றவர் வேகத்தைக் கூட்டச் சொல்கிறாராம். இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆனால் சிறுவர்களின் லிட்டில் லீக்கில் 46 அடியிலிருந்து எறியும் பிள்ளை வளர்ந்து பெரியவர்களின் 60 அடி 6 அங்குலத்திலிருந்து எறியவேண்டி வரும்போது, தூரம் மாறும், உடம்பின் உயரம் மாறும், பந்து விழும் இடமும் மாறும். அவ்வளவுக்கும் நடுவே அவன் நம்பியிருக்கக்கூடியது உடம்பில் ஊறிய ஒரே அசைவைத்தான். வாரத்துக்கு ஒரு தடவை அதை அழித்து எழுதினால் என்ன ஊறும்? மேஜர் லீக்கில் மட்டை பிடித்த ஜப்பானியர் இச்சிரோ 2001 முதல் 2010 வரை பத்து வருடமும் தவறாமல் வருடத்துக்கு 200 ஹிட்டுக்கு மேல், அதாவது அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸை அடையும் அடிகள், அடித்தவர். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் மட்டையை நிமிர்த்திப் பிடித்து, மறுகையால் சட்டையின் தோளை இழுத்துவிடும் அந்தப் பழக்கத்தைக்கூட மாற்றாதவர். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் பத்துக்கு ஆறு தடவைக்கு மேல் வெறுங்கையோடுதான் திரும்பினார். ஆகவே அவன் அவுட்டாகி வரும் நாளில் காரில் விளக்கம் கேட்காதே. வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்து நில். எறிவதற்கு முன்னால் அவன் ஆட்கள் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்ப்பது அந்த வீடியோவிலும் இருக்கிறது. அன்று நீ வேலையில் இருந்திருப்பாய்.

நீ பயிற்சியை விட்ட பிள்ளை இல்லை. 95 இல் இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் அந்தப் பாடசாலை வகுப்பறையில் எத்தனை குடும்பங்களோடு இருந்தோம். உனக்கும் அப்போது பதினொரு வயது. பின்னேரம் ஆனால் அப்பா உன்னைத் தென்னங்காணிக்குக் கூட்டிக்கொண்டு போவார். இருவருமாகச் செங்கல்லை விக்கெட்டாக வைத்து ஆறு பந்தாவது எறிந்துவிட்டுத்தான் திரும்புவீர்கள். மழைக்கும் விட்டதில்லை. வீடு மாறினாலும் பிள்ளைக்குப் பின்னேரம் மாறக்கூடாது என்பது அப்பாவின் பிடிவாதம். அவருக்கு நான் கையுறைக் கதையைச் சொல்லவில்லை. இரத்த அழுத்தம் போன கிழமைதான் இறங்கியது.

தங்கச்சி கொழும்பிலிருந்து வந்து போனாள். கிணற்றடிக் கூரை மாற்றியாயிற்று. மற்றவை பிறகு எழுதுகிறேன்.

இன்னொரு கையுறை வாங்கிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்று நீ நினைப்பாய். தோல் கையுறை பிடித்துப் பிடித்துத்தான் அவனவன் கைக்கு வளைந்து, பந்து நிற்கும் குழி விழும். புதியதும் பழையதும் மாறி மாறி வந்தால் இரண்டிலும் பந்து நழுவும். கையுறையை அவனுடைய பையிலேயே வை. அந்தப் பை அவன் போகும் இடமெல்லாம் போகட்டும். கூடவே நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கி அதற்குள் போடு; திகதி, அணி, எறிந்த பந்து, அடுத்து எறியலாம் என்ற நாள் என்று கோடு போட்டு, கூட்டிக்கொண்டு போகிறவர் யாரோ அவர் எழுதட்டும். மருமகளோடு கதைக்க முடியாத நாளிலும் கொப்பியில் எழுதலாம். எந்த அணியில் எறிவது என்பதை இருவரும் சேர்ந்து முடிவுசெய்யுங்கள். மற்ற அணியில் வேண்டுமானால் முதலாம் பேஸில் நின்று விளையாடட்டும், எறிபவரின் பந்தைப் பிடிக்கும் கச்சராக மட்டும் நிறுத்தவேண்டாம், அதிலும் எறிதல் அதிகம். அவன் விளையாடும் லீக்கின் பந்து எண்ணிக்கை அட்டவணையையும் பயிற்றுவிப்பாளரிடம் கேட்டு வாங்கு.

நான் மருமகளுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். அதில் இருப்பதும் இதுவேதான். ஒருவருக்கு ஒன்று, மற்றவருக்கு வேறு என்று நான் எழுதவில்லை.

பயிற்சி என்னென்ன நாளில், உங்கள் நேரம் எத்தனை மணிக்கு முடியும் என்று எழுதி அனுப்பு. இங்கே விடியப்புறம் என்றாலும் பரவாயில்லை, அது முடிந்த பிறகு அவனை நான் கூப்பிட்டுக் கொப்பியை வாசிக்கச் சொல்லுவேன். எந்த வீட்டு நம்பருக்கு எடுப்பது என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா