தலையணை தந்த அக்காவுக்கு

அம்மாவுக்குக் குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் இரவு. வயிற்றில் நெடுக்காகத் தையல். இருமல் வந்தபோது தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்து அம்மா மூச்சையே அடக்கிக்கொண்டார். நானும் தம்பியும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

பக்கத்துக் கட்டிலில் உங்கள் கணவர் படுத்திருந்தார். நீங்கள் எழுந்து வந்து, ஒரு தலையணையை இரண்டாக மடித்து அம்மாவின் வயிற்றில் வைத்து, அவர் கைகளை அதன்மேல் சேர்த்தீர்கள். "இறுக்கி அணைத்துக்கொண்டு இருமுங்கள் அம்மா, தையலுக்கு ஒன்றும் ஆகாது. சளி உள்ளே தங்கினால்தான் நிமோனியா பயம்" என்றீர்கள். அம்மா இருமினார். வலித்தது, கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் சளி வெளியே வந்துவிட்டது. அதன்பின் தூங்கினார்.

மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை ஊதக்கூடாது, மெல்ல உள்ளே இழுக்க வேண்டும் என்று காட்டியதும் நீங்கள்தான். செவிலியர்கள் முன்பே சொல்லியிருப்பார்கள். அன்றிருந்த பதற்றத்தில் எங்கள் காதில் ஏறவில்லை. காலில் ரத்தம் உறையாமலிருக்க நடக்க வேண்டும் என்றபோது அம்மா மறுத்தார். வடிகுழாய்ப் பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அம்மாவைத் தாங்கி, கதவு வரை நடத்திச் சென்றீர்கள்.

உங்களுக்கே எவ்வளவு கவலை இருந்திருக்கும்! உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டோமே என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அம்மா இப்போது தானாக நடக்கிறார். உங்கள் கணவர் நலம்பெற வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறார். மிக்க நன்றி, அக்கா.