மறுபடியும் சுவருக்கு வந்த போர்டு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் பத்தாம் வகுப்பு வந்துவிட்டாள், வீட்டில் டிவி சத்தம் குறைந்திருக்கிறது.

ஆபீஸில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். நீ ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஃபேக்டரியில் உற்பத்தி லைனுக்குப் பக்கத்தில் போர்டு வைத்து வேலை அட்டை மாட்டுகிறோம் என்பாய். கம்ப்யூட்டர் இருக்கும்போது அட்டை எதற்கு என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

எங்கள் டீமில் பன்னிரண்டு பேர். யார் என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் சாஃப்ட்வேரில்தான் இருந்தது. திறந்து பார்த்தால் தெரியும், ஆனால் யாரும் திறப்பதில்லை. காலைக் கூட்டத்தில் ஆளுக்கொரு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு பேசுவோம். போன மாதம் ஒரே பிழையை இரண்டு பேர் தனித்தனியாக நான்கு நாள் சரிசெய்திருக்கிறார்கள். இருவருக்கும் நடுவே ஒரு மேஜைதான்! அன்று மனசு விட்டுப்போயிற்று.

மறுநாள் ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய ஒயிட்போர்டை நானே தூக்கி வந்தேன். எப்போதோ எழுதிய நீல எழுத்து அதில் காய்ந்து இறுகிக் கிடந்தது, டஸ்டருக்கு அசையவில்லை. அந்த மார்க்கர் மையில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை உண்டு. மை பலகையில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது அதுதான். வருஷக்கணக்கில் விட்டால் அது வற்றி, மை பிடித்துக்கொள்கிறது. பழைய எழுத்தின் மேலேயே புது மார்க்கரால் அழுத்தி எழுதி, ஈரம் காயுமுன் துடைத்தேன். இரண்டும் சேர்ந்து வந்துவிட்டது. பாதி போர்டு வெளுத்ததும், பக்கத்து டீம் பையன் ஒருவன் துணி எடுத்துக்கொண்டு வந்து மீதியைத் துடைத்தான்.

மூன்று பத்தி போட்டேன்: செய்ய வேண்டியது, கையில் இருப்பது, முடிந்தது. நடுப் பத்தியில் ஐந்தே கட்டம். ஐந்தும் நிரம்பினால் ஆறாவது வேலையை யாரும் தொடக் கூடாது. இது உன் தொழிலில் வந்த புத்திதான். டொயோட்டா கார் கம்பெனியில் டைச்சி ஓனோ 1953இல் மெஷின் ஷாப்பில் கொண்டுவந்த கான்பான் என்ற அட்டை முறையின் உயிரே, இதற்கு மேல் கூடாது என்ற அந்த அளவில்தானே இருக்கிறது? அடுத்த வேலையைச் செய்பவரிடமிருந்து அட்டை வராமல் உதிரிப் பாகம் செய்யக் கூடாது. நாங்கள் சாஃப்ட்வேரில் பத்திகளை மட்டும் எடுத்துக்கொண்டு அளவை விட்டுவிட்டோம். திரையில் எத்தனை வேலை சேர்ந்தாலும் கீழே நீண்டுகொண்டே போகும், கண்ணுக்கு உறுத்தாது. சுவரில் இடம் தீர்ந்துவிடும் மாப்ளே, அதுதான் அதன் பலம்.

முதலில் வேலைக்கு ஒன்றாக ஒட்டுத் தாள் வைத்தோம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஏழெட்டு தரையில். கீழிருந்து மேலாக இழுத்துக் கிழிப்பதால் தாள் சுருண்டு, காற்றுக்கு விழுந்துவிடுகிறது. பக்கவாட்டில் உரித்தால் தட்டையாக நிற்கிறது. அப்படியும் ஃபேன் காற்றுக்குத் தாங்காததால், இப்போது கெட்டி அட்டையும் காந்தமும்.

போன புதன்கிழமை ஐந்து கட்டமும் நிரம்பி நின்றது. எல்லோரும் போர்டு முன்னால் நிற்கிறோம். சேர்ந்து ஆறு மாதமாகியும் கூட்டத்தில் வாய் திறக்காத பெண் ஒருத்தி, மார்க்கரை எடுத்து இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு அம்புக்குறி போட்டாள். "இது முடியாமல் அது முடியாது, நான் இதற்கு உதவுகிறேன்" என்றாள். அவ்வளவுதான். அன்று மாலை இரண்டு அட்டையும் முடிந்தது பக்கம் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு நாள் பேச ஒரு இடம் இல்லாமல் போனது என் குறைதான், மனசில் தைத்தது.

கோயம்புத்தூரில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் மட்டும் சங்கடப்பட்டார். அதனால் கூட்டம் முடிந்ததும் போர்டைப் படம் எடுத்துக் குழுவில் போடுகிறோம், அவர் அட்டையை நகர்த்தும் பொறுப்பு ஒருவருக்கு. கணக்கும் பழைய விவரமும் சாஃப்ட்வேரிலேயே இருக்கட்டும், அதை விடச் சொல்லவில்லை.

அப்புறம், உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு அட்டை மூன்று நாளுக்கு மேல் நகராமல் நின்றால் உங்கள் லைனில் என்ன செய்வீர்கள்? சிவப்புப் புள்ளி வைத்துப் பார்த்தேன், அந்த ஆள் முகம் வாடிவிட்டது. வேறு வழி இருந்தால் எழுது. உங்கள் போர்டின் படம் ஒன்றும் அனுப்பு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ளே