இரவு பத்தரைக்கு வரும் 'சின்ன வேலை'

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வேலைப்பளு பற்றிய உங்கள் ஞாயிறு இதழ்க் கட்டுரை, ஊழியர்கள் 'முடியாது' என்று சொல்லப் பழக வேண்டும் என்கிறது. யாரிடம் சொல்லிப் பழகுவது?

நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் இருந்துகொண்டு லண்டன் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவள். வீடு வெள்ளவத்தையில். அங்கே கோடையில் மாலை ஐந்து மணியென்றால் வெள்ளவத்தையில் இரவு ஒன்பதரை. ஒக்டோபர் கடைசியில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பிவிட்டால் எங்களுக்குப் பத்தரை. அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு மின்னஞ்சலைத் தட்டிவிடுவார்கள், பின்னாலேயே மனேஜரின் வட்ஸ்அப்: "சின்ன வேலைதான்." புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் மகள், கேட்க வைத்திருந்த கணக்கின் மேலேயே நித்திரையாகியிருப்பாள். கந்தோரில் மன அழுத்தம் குறைய யோகா வகுப்பும் உண்டு. அதுவும் வேலை முடிந்த பிறகு, ஆறு மணிக்கு.

மெல்பேர்னில் இருக்கும் மச்சாள், "எடுக்காமல் விடுங்கோ மச்சாள், என்ன செய்யப் போகினம்?" என்கிறார். அவருக்கு அது சுலபம். வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை, மறுப்பது நியாயமற்றதாக இருந்தாலொழிய, எடுக்காமல் விடும் உரிமை 2024 ஓகஸ்டில் இருந்து அங்கே சட்டமாகவே இருக்கிறது. அதையே இங்கு கொண்டுவந்தாலும் நான் அழைப்பை எடுக்கத்தான் போகிறேன். மேலதிகாரி எங்களுக்கு 'சேர்'. பெரியவர் கூப்பிட்டால் எழுந்து போய்க் கேள் என்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். மறுத்தால் பதவி உயர்வுக்கு முன்பே மரியாதை போய்விடும் என்ற பயம் எங்களுக்கு.

அதனால் எங்களுக்குப் போர்த்துக்கல் வழிதான் பொருந்தும் என்பேன். 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அந்த நாட்டுச் சட்டம், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருக்கும் பொறுப்பை முதலாளியின் தலையில் வைக்கிறது. மீறினால் தண்டப்பணம். தவிர்க்க முடியாத அவசரம் மட்டும் விலக்கு. ஊழியர் வாய் திறந்து மறுக்க வேண்டிய தேவையே இல்லை.

நமது நாட்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954 இல் வந்தது. நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45, மேலதிக நேரம் வாரத்துக்கு 12 க்கு மேல் போகக் கூடாது என்று தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கட்டிலில் இருந்தபடி கைத்தொலைபேசியில் செய்யும் அரை மணி வேலை எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது? தொழில் சட்டங்களைத் திருத்துவது பற்றி மாறி மாறி வரும் அரசாங்கங்கள் எல்லாம் பேசுகின்றன. அடுத்த வரைவில், ஓய்வு நேரத்தில் முதலாளி தொடர்புகொள்ளக் கூடாது என்ற இந்த ஒரு பிரிவையாவது சேர்க்கும்படி தொழில் அமைச்சிடம் உங்கள் பத்திரிகை கேட்க வேண்டும். இரவு வேலை வேண்டுமென்றால் இரவு ஷிப்ட் என்று எழுதி, அதற்குரிய சம்பளத்தைத் தரட்டும், செய்கிறோம்.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.