கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

கோடைப் பயிற்சி முகாம் இந்த வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்துக்குள்தான் வருகிறது. விசைப்படகு வீடுகளில் கைச்செலவு இறுகும், நாட்டுப்படகு மீனும் விலை ஏறிவிடும், இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். நான் கேட்பது கூடுதல் செலவு இல்லை. காலையில் வெறும் டீயோடு பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

28 மீட்டர் நீளக் களத்தில் ஓடி, சட்டென நின்று, குதித்து, மறுபடி ஓடி, இப்படியே 10 நிமிடம் வீதம் நான்கு சுற்று. இதற்கு உடம்பு எடுப்பது பெரும்பாலும் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தை. ஈரலில் இருப்பது ராத்திரித் தூக்கத்திலேயே பெருமளவு கரைந்துவிடும், தசையில் இருந்ததில் நேற்று மாலைப் பயிற்சி ஒரு பங்கைத் தின்றிருக்கும். அப்புறம் மூன்றாவது சுற்றில் கால் பின்னி, கைக்கு வந்த பந்து நழுவினால் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுகிறோம்.

6 மணிப் பயிற்சி என்றால் 5.15-க்கு ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ போதும். முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் வயிறாரச் சாப்பாடு வேண்டும்: தயிர் விட்ட பழைய சோறு, ஒரு முட்டை, அவித்த கொண்டைக்கடலை. நெத்திலி கிடைத்தால் முள்ளோடு மென்று தின்னட்டும், எலும்புக்கு நல்லது. கருவாடு உப்பு, அளவாக. டப்பா புரோட்டீன் பவுடர் வேண்டவே வேண்டாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். எனர்ஜி டிரிங்க் டப்பாவிலேயே குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று அச்சடித்திருக்கிறது, பிள்ளைகள் அதைப் படிப்பதில்லை, நாமாவது படிக்கலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் தசைக்கு ஆக்சிஜன் பற்றாது, எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் மூச்சு வாங்கும். வாரம் ஒரு முறை தருகிற நீல இரும்புச்சத்து மாத்திரையைப் புதரில் எறியாமல் விழுங்கச் சொல்லுங்கள். முருங்கைக்கீரையோடு எலுமிச்சை பிழியுங்கள், சாப்பாட்டோடு டீ வேண்டாம், இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒல்லியாகணும் என்று சோற்றைக் குறைத்து, மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோனால் அதை ஒளிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆடுகிற பிள்ளைக்குச் சர்க்கரை வராது என்ற நினைப்பும் வேண்டாம். ஓடும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் ஆட்டம் முடிந்ததும் கலர், பரோட்டா என்று போனால்? கழுத்துப் பின்புறம் கருத்துத் தடித்திருந்தால் அழுக்கு என்று சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம்.

இங்கே குழாய்த் தண்ணீர் கரிக்கும் என்பதால் ஆளுக்கு ஒரு பாட்டில் குடிதண்ணீர் கட்டாயம்.

சாப்பிடாமல் வருகிற பிள்ளையைப் பயிற்சியாளர் திருப்பி அனுப்பமாட்டார், ஒரு பழம் கொடுத்து அரைமணி உட்கார வைப்பார். அதற்கு வாழைத்தார் வாங்கித் தர முடிந்தவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்