நிழல் சாட்சி பார்த்த படம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பழைய அமெரிக்கக் குற்றப் படங்களைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வந்த கட்டுரையில், 1947-இல் ஆன்டனி மான் இயக்கிய 'டி-மென்' படத்துக்கு இரண்டு பத்திகள் ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆனால் அவ்விரண்டும் ஜான் ஆல்டனின் நிழல் மிகுந்த ஒளிப்பதிவைப் புகழ்வதிலேயே தீர்ந்துவிட்டன. செய்தி வாசிப்பதுபோல் ஒலிக்கும் பின்னணிக் குரலையும், கள்ளநோட்டுக் கும்பலுக்குள் மாறுவேடத்தில் நுழையும் இரு அதிகாரிகள் பொறுமையாகத் தகவல் திரட்டும் காட்சிகளையும் கட்டுரையாளர் 'அலுப்பு' என்ற ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். என்னைக் கட்டிப்போட்டவை அந்தப் பகுதிகள்தாம்.

1990-களின் பிற்பகுதியில் நான் வேலூரில் அரசு ஊழியராக இருந்தபோது, லஞ்ச ஒழிப்புத் துறையினர் வேறோர் அலுவலகத்தில் லஞ்சம் வாங்குபவரைக் கையும் களவுமாகப் பிடிக்க நடத்திய பொறிவைப்பு நடவடிக்கைக்குச் சாட்சியாக அனுப்பப்பட்டேன். ரூபாய் நோட்டுகளின் எண்களை மகஜரில் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவில்) குறித்து, பினாப்தலின் பொடியைத் தடவிப் புகார்தாரரின் சட்டைப்பையில் வைத்தார்கள். பொடி பட்ட விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும் என்பதை எங்களுக்கு முன்னதாகச் செய்தும் காட்டினார்கள். புகார்தாரருடன் உறவினர்போல உள்ளே சென்று, பணம் கேட்கப்படுவதைக் காதால் கேட்க வேண்டியது என் வேலை. அப்படிப் போகிறவருக்கு நிழல் சாட்சி என்று பெயர். (கட்டுரையாளர் நிழலைப் பற்றி அவ்வளவு எழுதியதால் இதைச் சொல்லத் தோன்றியது.)

கத்திரி வெயிலில், மின்விசிறி சுழலாத அந்தக் கூடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். அப்போது லாங் பஜாரில் கடை வைத்திருக்கும், என்னை நன்கு அறிந்த ஒருவர் எதிரே வந்து, "என்ன சார், உங்க ஆபீஸை விட்டுட்டு இங்க?" என்று உரக்கக் கேட்டார். நான் அவரைத் தெரியாதவர்போலப் பார்த்தேன். அவர் முகம் சுருங்கியதை இன்றும் மறக்கவில்லை. 'டி-மென்' படத்தில் மாறுவேடத்திலிருக்கும் அதிகாரியைச் சந்தையில் மனைவியின் தோழி அடையாளம் கண்டுகொள்ள, கும்பல்காரன் பக்கத்தில் நிற்பதால், 'இவர் என் கணவர் இல்லை' என்று மனைவியே மறுக்கிறாள். பின்னர் அதே அதிகாரி கொல்லப்படும்போது, அவருடைய கூட்டாளி முகத்தில் எதையும் காட்டாமல் நின்று பார்க்க நேர்கிறது. எத்தனை கருநிழல் விழுந்தாலும் இந்தக் காட்சிகளின் கனம் ஒளியமைப்பிலிருந்து வருவதில்லை. கட்டுரையில் இவற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

படத்தில் எனக்கு உடன்பாடில்லாதது முடிவுதான். கப்பலில் துப்பாக்கிச் சண்டையோடு எல்லாம் தீர்ந்துவிடுகிறது. எங்கள் வழக்கில் ஆறு ஆண்டுகள் கழித்தே எனக்குச் சம்மன் வந்தது. அதற்குள் புகார்தாரர் முன்பு சொன்னதையே மறுத்துப் பிறழ்சாட்சியாகிவிட்டார். அத்தகைய நிலையிலும் மற்ற சாட்சியங்களைக் கொண்டு லஞ்சம் கேட்கப்பட்டதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தெளிவுபடுத்தியது. நான் கூண்டேறிய நாளில் அந்தத் தெளிவு இல்லை. பணத்தை எந்தக் கையால் வாங்கினார் என்று என்னிடம் மூன்று முறை கேட்டார்கள். பிறகு கை கழுவிய கரைசல் இருந்த புட்டியைக் காட்டினார்கள். சீட்டில் என் கையெழுத்து இருந்தது. உள்ளே இளஞ்சிவப்பு ஏறக்குறைய வெளுத்துப்போயிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு ஊழியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.